இருநூற்று ஐம்பத்தைந்தாவது படி

எனக்கு எழுத்து அதிகம் வராது. எட்டாவதோடு நின்றது. என் வயதுக்காரர்கள் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புச் சதுரம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆட்டினால் விசிறி மாதிரி வளையும். நடுவில் வட்டமாக ஓட்டை. ஓர் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு திறப்பு. அதற்குள் பழுப்பாக, பளபளப்பாக ஒன்று தெரியும். கம்ப்யூட்டரில் அடித்ததைப் பதிந்து வைப்பது; ஃபிளாப்பி என்பார்கள். அந்தப் பழுப்பைத் தொடக் கூடாது. கம்ப்யூட்டர் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்கள். நான் வகுப்புக்கு வந்தவள் இல்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாவா இந்தத் தை மாதம் போய்விட்டார். பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். காரியம் எல்லாம் முடிந்தபின் அக்கா பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினாள்.

"இத நீ எட்த்துகினு போ. எனக்கு வோணாம்."

"இன்னாக்கா இதுல?"

"கம்ப்யூட்டர் சாமான். தூக்கிப் போடுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன். போடல அந்த மனுசன்."

வீட்டுக்கு வந்து திறந்தேன். மிஷினைப் போர்த்தி வைத்திருந்த துணி உறை. ஒரு டைப்பிங் புத்தகம். சணல் கயிறு கட்டிய பத்து ஃபிளாப்பி. ஒவ்வொன்றிலும் பாவாவின் கையெழுத்தில் பெயர். பத்தும் காகித உறைக்குள் இருந்தன. தனியாக, ஒரு பிளாஸ்டிக் கவரில், பெயர் எழுதாத பதினோராவது. அதன் மேல் சிவப்பு மையில் பாவா எழுதியிருந்தார்: தொடாதே.

அது என் அண்ணனுடையது.

பாவாவின் சாவுக்கு அண்ணன் வந்தான். தெருமுனையில் கரன்ட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். பாடை கிளம்புவதற்கு முன் போய்விட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் அவன் அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, பள்ளிப்பட்டில் தறி. அண்ணனையும் என்னையும் திருத்தணியில் அக்கா வீட்டில் விட்டிருந்தார், படிக்கட்டும் என்று. அவனுக்குப் பத்தொன்பது. எனக்குப் பதினொன்று. ஸ்டேஷனிலிருந்து பஜாருக்குப் போகும் வழியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், பாவா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதைக் கற்றுக்கொள்ள எட்டுப் பேர் வந்தார்கள்.

செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட வேண்டும். கால் கழுவ வாளியில் தண்ணீர் இருக்கும். உள்ளே பச்சைத் திரைச்சீலை. அதற்குப் பின்னால் மிஷின். பாவா திரைச்சீலையை விலக்கி, உறையை எடுத்து, சுவிட்சைப் போடும் முன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வகுப்புக்கு வருகிறவர்களும் ஒற்றிக்கொள்வார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும். சூடேறிய தகரமும் பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது பழைய ரேடியோவைத் திறந்தால் அந்த வாசனையில் கொஞ்சம் வருகிறது. கொஞ்சம்தான்.

பாவா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தினமும் சாயந்திரம் பொட்டலத்தில் பட்டாணி வாங்கி வருவார். அண்ணனுக்கு அவர்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அண்ணன் அவரைத் தாண்டிவிட்டான். பாதி வகுப்பை அவனே எடுத்தான். பாவா வெளியே பெருமையாகச் சொல்வார்: "எம் மச்சான் கையில மிஷின் பேசும்."

மதியம் பாவா சாப்பிடப் போவார். ஒரு மணி நேரம் சென்டர் எங்களுடையது. அந்த நேரத்தில் அண்ணன் ஒரு விளையாட்டு எழுதினான்.

அது ஆடிக் கிருத்திகை சமயம். சன்னலுக்குக் கீழே காவடி போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் துணி, பம்பைச் சத்தம், அரோகரா. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தான். நாலு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டான்.

திரையில் கோடு கோடாகப் படிகள். கீழே ஒரு வட்ட முகம். முகத்துக்கு மேல் வளைவாக ஒரு கோடு.

"பாப்பா, இது யாரு சொல்லு?"

"நீ."

"நான் இவ்ளோ அழகாவா கீறேன்?"

"மொட்ட அட்ச்சா இப்டித்தான் இருப்ப."

அந்த ஆள் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணி மலை ஏற வேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து படி. குரங்கு குறுக்கே வரும். இறங்குகிறவர்கள் எதிரே வருவார்கள். இரண்டு பொத்தானால் ஆளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். படிக்கு ஒரு தரம் மிஷின் 'கிக்' என்று சத்தம் போடும். எந்தப் பொத்தானையும் தொடாவிட்டால் ஆள் தானாகவே ஏறுவான். அப்போது குரங்கு வராது. வெறுமனே ஏறிக்கொண்டிருப்பான். எனக்கு அதுதான் பிடிக்கும். முக்காலியில் உட்கார்ந்து அவன் ஏறுவதைப் பார்ப்பேன்.

ஆனால் அவன் உச்சிக்குப் போனதே இல்லை. இருநூற்று ஐம்பத்தைந்தாவது படி வரைக்கும் போவான். அடுத்த 'கிக்'குக்கு அடிவாரத்தில் இருப்பான். மறுபடி முதலிலிருந்து.

"எங்க தப்புன்னே தெர்ல பாப்பா. எத்தினி வாட்டி பாத்தாலும் எழுதனது சரியாத்தான் கீது."

ஒரு வாரம் அதையே பார்த்தான். சோறு சரியாகத் தின்னவில்லை. பாவாவைக் கேட்க முடியாது. கேம் என்றாலே அவருக்கு ஆகாது. கேமில்தான் வைரஸ் வரும் என்று சென்னையில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வைரஸ் என்றால் என்னவென்று அவருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் இன்னும் அதிகமாகப் பயந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். "அந்தப் படியில இன்னாதான் கீதுன்னு பாத்துட்லாம் வா." இப்போது நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். அன்று எங்களுக்கு அது நியாயமாகத்தான் இருந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். அவன் மனசுக்குள் எண்ணினான். இருநூற்று ஐம்பத்தைந்தில் இரண்டு பேரும் நின்றோம். கணக்கு ஒத்துப்போனது.

ஒன்றும் இல்லை. மற்ற படி மாதிரி ஒரு படி. நடுவில் தேய்ந்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். அது எல்லாப் படியிலும் இருந்தது. ஓரத்தில் மோர் விற்கிற அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா படிய உத்து உத்துப் பாக்கற? காசு வுட்டியா?"

"ஆள வுட்டுட்டேங்க்கா."

"இதான் உன் ஆளா? முட்டிக்கால் வரைக்கும்தான் கீது!" என்று என்னைக் காட்டிச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. இறங்கும்போது சொன்னான்.

"நாம தப்பு பண்றமோ பாப்பா. சாமி மலைய வெச்சி வெளாட்டு பண்ணிகினு கீறேன். அதான் ஏற வுட மாட்டேங்குதோ?"

எனக்கு மோர் வேண்டும் போலிருந்தது. கேட்டேன். வாங்கிக் கொடுத்தான்.

ஆவணியில் பாவாவுக்கு ஒரு வேலை வந்தது. ஒரு தனியார் பள்ளிக்கூடம். அங்கே படித்த பிள்ளைகள் எல்லாருடைய பெயர், அப்பா பெயர், ஊர், மார்க் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் வகுப்பை பாவாவுக்குத் தருவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். பாவாவின் பேச்சு முழுக்க அதுதான். அண்ணனை அங்கே வாத்தியார் ஆக்கிவிடுவேன் என்றார். அண்ணன் விளையாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பட்டியலை அடித்தான். இரண்டு மாதம் அடித்தான். ஒரு ஃபிளாப்பியில் பட்டியல். இன்னொன்றில் அதன் நகல். ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கட்டும் என்று பாவா சொன்னார். அவர் விவரமானவர்தான்.

ஆயுத பூஜை வந்தது. சென்டர் வாசலில் வாழைக்கன்று. பொரி, கடலை, பூசணிக்காய். பாவா ஃபிளாப்பிகளை எல்லாம் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கினார். "இதுவும் பாடந்தான்" என்றார். மிஷினுக்குத் தன் கையாலேயே பொட்டு வைத்தார். மற்றதை அக்கா என்னிடம் விட்டாள். கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொடுத்தாள்.

"எல்லாத்துக்கும் வை. ஒண்ணு வுடாத. கறுப்பு மேல குங்குமம் எடுக்காது, சந்தனம் மட்டும் போதும்."

நாற்காலி, முக்காலி, ஃபேன் சுவிட்ச், தண்ணீர் வாளி, துடைப்பம். எல்லாவற்றுக்கும் வைத்தேன். பிறகு ஃபிளாப்பி. ஒவ்வொன்றாகக் காகித உறையிலிருந்து எடுத்தேன். பெயர் எழுதிய பக்கம் அழுக்காகக் கூடாது என்று திருப்பிப் போட்டேன். எங்கே வைப்பது? திறப்பு இருந்தது. அதற்குள் பழுப்பாகப் பளபளவென்று இருந்தது. எனக்கு அது நெற்றி மாதிரித் தெரிந்தது. அங்கே வைத்தேன். பத்துக்கும் வைத்தேன். காய விட்டு, பத்திரமாக உறையில் சொருகினேன்.

அண்ணனுடையதைத் தேடினேன். கிடைக்கவில்லை. பாவா கண்ணில் படக்கூடாது என்று எங்கேயோ ஒளித்து வைத்திருந்தான்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள். பாவா குளித்து, வேட்டி கட்டி வந்து, பள்ளிக்கூடத்து ஃபிளாப்பியைப் போட்டார். மிஷின் 'கர்ர்' என்றது. நின்றது. மறுபடி 'கர்ர்'. திரையில் ஏதோ வந்தது. அண்ணன் முகம் மாறியதைப் பார்த்தேன். நகலைப் போட்டார்கள். 'கர்ர்'. வகுப்புக்காரர்களுடையதைப் போட்டார்கள். எதுவும் வரவில்லை. அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைக் கழற்றி, பஞ்சால் உள்ளே துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. "அழுக்கு" என்றார். என்ன அழுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் ஃபிளாப்பிகள் படிக்கவில்லை. "இதுல இருந்தது போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாவா சென்டர் முழுக்கத் தேடினார். என்ன தேடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. டைப்பிங் புத்தகத்துக்குள் பெயர் எழுதாத ஒன்று கிடைத்தது. போட்டார். அது மட்டும் ஓடியது. துடைத்த மிஷினில் நன்றாகவே ஓடியது. பச்சைப் படிகள் வந்தன. வட்ட முகம் ஏறத் தொடங்கியது. கிக். கிக். கிக்.

வகுப்புக்காரர்கள் எட்டுப் பேரும் நின்று பார்த்தார்கள்.

"இன்னாடா இது?"

"கேம், பாவா."

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"எல்லாத்தையும் தின்னுட்டு இது ஒண்ணு மட்டும் உயிரோட கீது பாரு." பாவாவின் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சாமி மலைய வெச்சி வெளாண்ட்ருக்கான். சும்மா வுடுமாடா? ம்? இனிமே நீ மிஷினத் தொடாத."

"ஆங், பாவா."

அவ்வளவுதான் பேச்சு. அடி இல்லை, திட்டு இல்லை. அந்த ஆள் திரையில் ஏறிக்கொண்டே இருந்தான். யாரும் நிறுத்தவில்லை. இருநூற்று ஐம்பத்தைந்துக்குப் போய் அடிவாரத்துக்கு வந்தான். அண்ணன் அதைப் பார்த்தான். அவன் அப்போது என்ன நினைத்தான் என்று எனக்கு இப்போது தெரியும். அவன் எழுதியதில் ஏதோ ஒரு தப்பு இருந்தது. எங்கே என்று அவனுக்கே தெரியாத தப்பு. அதுதான் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று நம்பினான்.

நானும் ஒன்று நினைத்தேன். பொட்டு வைக்காதது அது ஒன்றுதான். நான் தேடிப் பிடித்து அதற்கும் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. இதை யாரிடமும் சொல்லவில்லை. முப்பது வருஷம் இதைச் சுமந்தேன். இப்போது சொல்கிறேன்.

தாளாளர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். தை மாதத்துக்குள் சென்டரை மூடினார்கள். மிஷின் சோளிங்கர் பக்கம் யாருக்கோ போனது. பாவா பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அதே கடை. அதே படி, மேலே ஏறாமல் கீழேயே. என்னைப் பள்ளிப்பட்டுக்கு அனுப்பினார்கள். எட்டாவது முடித்துத் தறியில் உட்கார்ந்தேன். அண்ணன் ஊருக்கு வரவில்லை. கனகம்மாசத்திரத்தில், சென்னை–திருப்பதி ரோட்டு ஓரத்தில், ஒரு பஞ்சர் கடையில் சேர்ந்தான். பிறகு அந்தக் கடை அவனுடையதே ஆனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். நல்ல கை. லாரிக்காரர்கள் தேடி வருவார்கள். மிஷினைத் தொடாதே என்றார் பாவா. தொடவில்லை. பொத்தான் ஃபோன் ஒன்று வைத்திருக்கிறான். அதையும் கடைப்பையன்தான் எடுத்துப் பேசுவான்.

நான் இப்போது திருத்தணியில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வாள். தகரப் பெட்டியைப் பார்த்ததும் விடவில்லை.

"மாமா கேம் எழுதினாரா? டயர் மாமாவா? சொல்லவே இல்ல நீ!"

"இன்னா சொல்றது."

இந்த ஃபிளாப்பியைப் படிக்கிற மிஷின் இப்போது கடையில் கிடைக்காதாம். சென்னையில் பழைய சாமான் சேர்த்து வைக்கிற ஒருவரிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு போனாள். அண்ணனுடையது படித்துவிட்டது. விளையாட்டும் இருந்தது, அவன் எழுதிய எழுத்தும் அப்படியே இருந்தது.

அதை ஓட்ட இரண்டு வழி இருக்கிறது என்றாள். புது கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரி ஒரு வேஷம் கட்டி, அதற்குள் ஓட்டுவது ஒன்று. விளையாட்டு ஏமாந்து ஓடும். இன்னொன்று, மாமா எழுதியதை எடுத்து இந்தக் கம்ப்யூட்டருக்கே நேராகப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்டுவது. வேஷம் வேண்டியதில்லை. சொந்தக் காலில் ஓடும்.

"எது சுலுவு?"

"மொதல்து. ஆனா ரெண்டாவதுதான் பண்ணப் போறேன். அப்பதான் மாமா இன்னா நெனச்சி எழுதினார்னு ஒரு ஒரு வரியும் பாக்கணும்."

மூன்று வாரம் ஆனது. ஒரு நாள் மதியம் மில்லுக்கு ஓடிவந்தாள். கையில் மாவோடு போய்ப் பார்த்தேன். பச்சைப் படிகள். அதே பச்சை. ஆனால் ஆளைக் காணோம். அவன் இருக்க வேண்டிய இடத்தில் அடிவாரத்திலிருந்து மேலே வரைக்கும் ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் தனித்தனியாக இல்லை. ஒரே அழுகை மாதிரி.

"எங்கடி ஆளு?"

"அந்தக் கோடுதாம்மா ஆளு. ஏர்றான், வுழுறான், ஏர்றான், வுழுறான். கண்ணுக்குத் தெரியாத வேகத்துல."

படிக்கும் படிக்கும் நடுவில் ஆள் காத்திருக்க வேண்டும். அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தான். ஒன்றிலிருந்து முப்பதாயிரம் வரைக்கும் மிஷினை எண்ணச் சொல்லியிருந்தான், சும்மா. எண்ணி முடித்தால் அடுத்த படி. பழைய மிஷின் மெதுவாக எண்ணியது. புது மிஷின் கண் இமைக்கும் முன் எண்ணி முடித்துவிடுகிறது.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்து என்று சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பயந்து நிறுத்தினாள்.

வேகத்தைச் சரிசெய்தாள். ஆள் பழையபடி ஏறினான். இருநூற்று ஐம்பத்தைந்தில் விழுந்தான். அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமா படி எண்ணிக்கைய வெக்கறதுக்கு ரொம்பச் சின்ன டப்பா எட்த்துகிட்டார்மா. அதுல இருநூத்தி அம்பத்தஞ்சி வரைக்கும்தான் புடிக்கும். மேல ஒண்ணு போட்டா மீட்டர் சுத்தி வர மாதிரி பூஜ்யத்துக்கு வந்துடும். அவ்ளோதான். ஒரே ஒரு வார்த்தைய மாத்தினா சரியாப் பூடும்."

"அது வேற ஃபிளாப்பிய கெடுக்குமா?"

"சேச்சே. அது இன்னா பண்ணும், பாவம்."

"அப்ப மத்த பத்தும் எப்டிப் போச்சி?"

மகள் சணல் கயிற்றை அவிழ்த்து முதல் ஃபிளாப்பியை உறையிலிருந்து உருவினாள். திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். திறப்பில், பழுப்பின் மேல், பழுப்பாக ஒரு திட்டு. காய்ந்து வெடித்திருந்தது. அதில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. சின்ன விரல்.

"இன்னாம்மா இது? எல்லாத்துலயும் கீது."

மில்லில் மிளகாய் காத்திருந்தது. போய் அரைத்தேன்.

அண்ணனை வரச் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆனது. பேசாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். பாவா போய்விட்டார். அவன் பழகிவிட்டான். இதைச் சொல்லி யாருக்கு என்ன? ஆனால் அவன் முப்பது வருஷமாக ஒன்றைத் தன் தலையில் வைத்திருந்தான். அது அவனுடையது இல்லை. என்னுடையது. கடைப்பையனிடம் சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். வேட்டி, கை நகத்தில் கறுப்பு. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க மாமா. உங்க ஆளு வந்துகிறார்."

தள்ளி உட்கார்ந்தான். கையை மடியில் கட்டிக்கொண்டான். வட்ட முகம் ஏறியது. கிக். கிக். அண்ணன் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். விழுந்ததும் கண்ணை மூடினான்.

மகள் டப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவன் இரண்டு தரம் கேட்டுக்கொண்டான்.

"அது வேற எதையும் ஒண்ணும் பண்ணாதா?"

"ஒண்ணும் பண்ணாது மாமா."

"அப்ப நான் இல்லியா?"

மறுபடி கேட்டான், சுவரைப் பார்த்து. "நான் இல்லியா அப்ப?"

நான் ஃபிளாப்பியை எடுத்து, திருப்பி, அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். நகத்தால் சுரண்டினான். மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"சந்தனமா?"

"ஆங்."

"நீயா?"

"ஆங்."

"யாரு வெக்கச் சொன்னது?"

"அக்கா. எல்லாத்துக்கும் வை, ஒண்ணு வுடாதன்னாங்க."

"வுடலியா?"

"ஒண்ணு வுட்டேன். உன்னுது. தேடிப் பாத்தேன், கெடைக்கல."

அண்ணன் சிரித்தான். ஒரு தரம். அது சிரிப்பா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"பாவாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமலே போய்ட்டாரு."

அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை. மகள் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, "நான் மாத்திடட்டுமா மாமா? ஒரே வார்த்த" என்றாள்.

"இரு. எங்க கீதுன்னு மட்டும் காட்டு."

வேட்டியில் கையைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். பொத்தான்களின் மேல் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான். பழக்கதோஷம், கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனான். பாதியில் விட்டுவிட்டான். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, அடித்தான். ஒரு வார்த்தை. கால் மணி நேரம் ஆயிற்று.

ஆள் ஏறினான். இருநூற்று ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. விழவில்லை. ஐம்பத்தேழு.

"நிறுத்தும்மா" என்றான் அண்ணன். "இதுக்கு மேல நான் ஒண்ணுமே எழுதி வெக்கல. குரங்கு இல்ல, ஆளு இல்ல. இங்க வருவான்னு நெனக்கவே இல்லியே."

சாப்பிடச் சொன்னேன். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. அவன் என்னோடு பேசவில்லை. ஆனால் மகளிடம் பேசுகிறான். கடைப்பையனைவிட்டு ஒரு பழைய லேப்டாப் வாங்க வைத்திருக்கிறான். டயருக்கு நடுவில் வைத்து எழுதுகிறானாம். இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து ஒவ்வொரு படியாகச் சேர்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வரும். அவர்கள் பேசும்போது நான் மில்லை நிறுத்திவிடுவேன். நிறுத்தினால்தான் கேட்கும். இருநூற்று ஐம்பத்தைந்தாவது படியில் மோர்க்காரி ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறானாம். பக்கத்தில் சின்னதாக இன்னொரு முகம், முட்டிக்கால் உயரத்துக்கு. அது ஏறுமா மாமா என்று மகள் கேட்டாள். தெரியவில்லை என்றானாம்.

ஃபோனை வைத்ததும் நான் ஒன்றுதான் கேட்பேன்.

"எத்தினாவது படி?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

மில்லைப் போடுவேன். இன்னும் ஐம்பத்து மூன்று. காத்திருக்க எனக்குத் தெரிந்த வழியும் அவன் மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.